அம்மாவுக்கு வாந்தி ஊசி போட ஏன் யோசித்தார்கள்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருடைய அம்மாவுக்கு 68 வயது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உண்டு. இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு. இரவு பதினொரு மணிக்கு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். உடனே வாந்தி ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பார்த்தால், முதலில் இசிஜி, அப்புறம் இரத்தப் பரிசோதனை. "க்யூடிசி 492, பொட்டாசியம் 2.9" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். ஊசிக்குப் பதிலாகத் தாதி ஒரு ஆல்கஹால் ஸ்வாப்பைப் பிரித்து மூக்கருகே வைத்து மோந்து பார்க்கச் சொன்னாராம். ட்ரிப்பில் பொட்டாசியம் ஏற்றியே மூன்று நான்கு மணி நேரம் போய்விட்டது. "ஒரு வாந்தி ஊசிக்கு இவ்வளவு கெடுபிடியா? இணையத்தில் தேடினால் அந்த ஊசி இதயத்தையே நிறுத்திவிடும் என்கிறது. அப்படியானால் போன வருடம் என் பிள்ளைக்கு அதே மருந்தை ஏன் எதுவும் பார்க்காமல் கொடுத்தார்கள்?" இதுதான் கேள்வி.

யோசித்தது சரிதான் என்பது என் பதில். பிள்ளைக்குக் கொடுத்ததை நினைத்து இன்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நான் மருத்துவர் இல்லை, இங்கே சிங்கப்பூரில் மருத்துவமனையில் வேலை பார்க்கும் மருந்தாளுநர். வேலைக் காலத்தில் பாதி அவசரப் பிரிவில்தான் போனது. உங்கள் அம்மாவின் ஃபைலைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 492. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மின்சாரம் பாய்ந்து சுருங்குகிறது. பிறகு அடுத்த துடிப்புக்குத் தயாராகத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இசிஜி தாளில் க்யூ அலை தொடங்கும் இடத்திலிருந்து டி அலை முடியும் இடம் வரை அளந்தால் இந்த முழு வேலைக்கும் பிடித்த நேரம் கிடைக்கும். அதுதான் க்யூடி. இதயம் வேகமாக அடித்தால் இது சுருங்கும், மெதுவாக அடித்தால் நீளும். அதனால் நிமிடத்துக்கு 60 துடிப்பாக இருந்தால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறோம். அப்படித் திருத்திய எண் க்யூடிசி. ஆண்களுக்கு 450 மில்லிசெகண்ட் வரையிலும் பெண்களுக்கு 460 வரையிலும் கவலை இல்லை. 500-ஐத் தாண்டினால் அவசரப் பிரிவில் எல்லோருடைய குரலும் கொஞ்சம் மாறும். உங்கள் அம்மா அந்தக் கோட்டுக்கு எட்டு மில்லிசெகண்ட் இப்பால் நின்றிருக்கிறார்.

நீண்டால் என்ன ஆகும்? எம்ஆர்டி ரயிலில் கதவு மூடும்போது பீப் பீப் என்று சத்தம் வரும் இல்லையா, அந்தச் சில நொடிகளில்தான் யாராவது ஓடிவந்து நுழையப் பார்ப்பார்கள். கதவு மூட அதிக நேரம் எடுத்தால் நுழைபவர்களும் கூடுவார்கள். இதயத் தசையும் அப்படித்தான். தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் நீள நீள, இடையில் வேண்டாத ஒரு துடிப்பு நுழைய வாய்ப்பு கூடுகிறது. தவறான நொடியில் நுழைந்தால் கீழறைகள் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்துவிடும். 1966-இல் தெஸெர்த்தென் என்ற பிரெஞ்சு மருத்துவர் எண்பது வயது மூதாட்டி ஒருவரிடம் இதைக் கண்டு ‘டோர்சாட் டி பாயின்ட்ஸ்’ என்று பெயர் வைத்தார். முனைகள் முறுக்கிக்கொள்வது என்று பொருள். இசிஜியில் பார்த்தால் அலைகள் ஒரு கோட்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போகும். கைமுறுக்குச் சுற்றுகிற பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். பல சமயம் சில நொடியில் தானாக நின்றுவிடும், நோயாளிக்குக் கண் இருட்டியது போல இருக்கும், அவ்வளவுதான். நிற்காமல் போனால் மாரடைப்பில்லாமலே இதயம் நின்றுபோகும்.

மருந்துகள் இங்கே எப்படி வருகின்றன? இதயச் செல் தன்னைச் சரிசெய்துகொள்ள பொட்டாசியத்தை வெளியே விட வேண்டும். அதற்கான முக்கிய வாசலுக்கு ‘ஹெர்க்’ என்று பெயர். இந்த வாசலின் உட்புறம் மற்ற வாசல்களைவிடக் கொஞ்சம் விசாலமானது. அதனால் சம்பந்தமே இல்லாத வேலைக்காகச் செய்த மருந்துகள்கூட, நாம் சாப்பிட்ட நோக்கம் என்னவாக இருந்தாலும், போகிற வழியில் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. சில ஆன்டிபயாடிக், சில மனநல மருந்து, சில மலேரியா மருந்து, அப்புறம் நம்முடைய வாந்தி மருந்துகள் பலவும் இந்தப் பட்டியலில் உண்டு.

வாந்தி மருந்துகளுக்கு இந்த விஷயத்தில் பழைய கதையே இருக்கிறது. டோம்பெரிடோன் ஒரு காலத்தில் ஊசியாகவும் வந்தது. புற்றுநோய்க்காரர்களுக்கு அதிக அளவில் நரம்பில் செலுத்தியபோது இதயம் நின்ற சம்பவங்கள் நடந்ததால் 1980களிலேயே ஊசியை எடுத்துவிட்டார்கள். மாத்திரை மட்டும் மிஞ்சியது. சிசாப்ரைடு என்று ஒன்று இருந்தது. வாந்தியைவிட நெஞ்செரிச்சலுக்குத்தான் அதிகம் கொடுத்தார்கள். 1999 முடிவதற்குள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்கு 341 இதயத் துடிப்புக் கோளாறுப் புகார்கள் வந்திருந்தன, அவற்றில் 80 மரணங்கள். 2000-இல் அங்கே சந்தையிலிருந்து போனது. அடுத்த வருடக் கடைசியில் டிரோபெரிடோல் என்ற ஊசிக்குக் கறுப்புக் கட்டம் போட்ட, மிகக் கடுமையான எச்சரிக்கை வந்தது. அதை முப்பது வருடமாகச் சின்ன அளவில் நிம்மதியாகப் பயன்படுத்தி வந்த அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கு வந்த கோபம் இன்னும் முழுக்கத் தணியவில்லை. பெரிய அளவில் கொடுத்து நேர்ந்த சம்பவங்களை வைத்துச் சின்ன அளவையும் முடக்கிவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. 2019 வாக்கில் அந்த ஊசி அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் திரும்பியும் வந்துவிட்டது.

உங்கள் அம்மாவுக்குப் போடாமல் விட்ட ஊசி பெரும்பாலும் ஒன்டான்செட்ரானாக இருந்திருக்கும். ஊரில் எமசெட் என்று வாங்குவோமே, அதே மருந்துதான். 1991-இல் வந்தபோது இது பெரிய வரம். அதற்கு முன் கீமோதெரபி எடுத்தவர்கள் வாந்தியாலேயே சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவார்கள். இருபது வருடம் கழித்து எஃப்டிஏ க்யூடியை முறையாக அளக்கச் சொன்னது. 2012-இல் வந்த விடை இது: 32 மில்லிகிராமை ஒரே தடவையில் நரம்பில் ஏற்றினால் க்யூடி சுமார் 20 மில்லிசெகண்ட் நீள்கிறது, 8 மில்லிகிராமுக்கு 6 மில்லிசெகண்ட். அத்தோடு 32 மில்லிகிராம் ஊசி ஒழிந்தது. ஒரு தடவைக்கு 16-க்கு மேல் நரம்பில் போகக் கூடாது என்றானது. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு முதல் தடவை 8-க்கு மேல் கூடாது என்று பிரிட்டனில் அடுத்த வருடம் சொன்னார்கள்.

இந்த எண்களை இசிஜி தாளின் மீது வைத்துப் பாருங்கள். அதில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். அவசரப் பிரிவில் பொதுவாகப் போடுவது 4 மில்லிகிராம். அதன் இரட்டிப்புக்கே நீளும் 6 மில்லிசெகண்ட் அந்தச் சின்னக் கட்டத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணால் அளக்கவே முடியாது. 2014-இல் ஒன்டான்செட்ரானால் துடிப்புக் கோளாறு வந்ததாக உலகம் முழுவதும் பதிவான சம்பவங்களைத் தேடித் திரட்டினார்கள். மொத்தம் 60 கிடைத்தன. ஒரே ஒரு தடவை வாயால் சாப்பிட்டு வந்ததாக அதில் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலானவை நரம்பில் செலுத்தியவை. அவர்களில் பலருக்கு ஏற்கெனவே இதய நோயோ, க்யூடியை நீட்டும் வேறு மருந்தோ இருந்தது.

உங்கள் பிள்ளை விஷயத்துக்கு இதுதான் பதில். வயிற்றுக் கோளாறில் வாந்தி எடுக்கும் ஆரோக்கியமான குழந்தைக்கு வாயில் கரையும் ஒரு மாத்திரை கொடுக்க யாரும் இசிஜி எடுப்பதில்லை, எடுக்க வேண்டிய காரணமும் இல்லை. குழந்தைக்குப் பிறவியிலேயே க்யூடி நீளமாக இருந்தால் மட்டும் கதை வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

சரி, வெறும் 6 மில்லிசெகண்ட் நீட்டும் ஊசிக்கு உங்கள் அம்மா விஷயத்தில் மட்டும் ஏன் யோசிக்க வேண்டும்? ஏனென்றால் அவருடைய கணக்கு ஊசிக்கு முன்பே 492-இல் இருந்தது. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால்தான் விஷயமே விளங்கும். நீங்கள் எழுதிய மருந்துப் பட்டியல் இது: அழுத்தத்துக்கு லோசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், போன வாரம் இருமலுக்கு வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் கொடுத்த கிளாரித்ரோமைசின். கடைசி வரியில், "மற்றபடி மருந்து எதுவும் இல்லை, திருச்சியிலிருந்து மாமா கொண்டுவரும் கேஸ் மாத்திரை மட்டும்தான், பான்-டி" என்று முடித்திருந்தீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பான்-டியில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம், அமிலத்தைக் குறைக்க. இன்னொன்று டோம்பெரிடோன் 30 மில்லிகிராம், மெதுவாகக் கரையும் வடிவத்தில். பெயரில் உள்ள அந்த ‘டி’ இதுதான். ஊசியாக வந்து விலக்கப்பட்ட அதே டோம்பெரிடோன். 2014-இல் ஐரோப்பிய மருந்து முகமை இதை மறுபடி ஆராய்ந்து சில வரம்புகள் போட்டது: 10 மில்லிகிராமாக நாளுக்கு மூன்று முறை, ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம், வாந்தி குமட்டலுக்கு மட்டும், வாயுத்தொல்லைக்கோ நெஞ்செரிச்சலுக்கோ இல்லை. 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடமும் நாளுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டியவர்களிடமும் ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது என்றும் சொன்னது. ஊரில் நம் ஆட்கள் இதைக் காலை காப்பிக்கு முன் வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் சொந்த அத்தையும் போட்டுக்கொண்டிருந்தார், அதனால் இதை நான் யாரையும் குறை சொல்ல எழுதவில்லை.

இனி கிளாரித்ரோமைசின். அது தானாகவே க்யூடியை நீட்டும். போதாக்குறைக்கு, டோம்பெரிடோனைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியின் கையைக் கட்டிப்போடும். அதனால் சாப்பிடுவது ஒரு மாத்திரையாக இருந்தாலும் இரத்தத்தில் ஏறும் டோம்பெரிடோன் பல மடங்காகிவிடும். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது வரம்புகளில் ஒன்று. கிளினிக் மருத்துவர் மீதும் தவறு சொல்ல முடியாது. அம்மா அவரிடமும் "வேற மருந்து இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார். இன்னொன்று, கிளாரித்ரோமைசின் வயிற்றைக் கலக்குவதில் பேர் போனது. இந்த வாந்தியே அதிலிருந்து தொடங்கியிருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதன் மேல் வந்து விழுந்தது 2.9. இரத்தத்தில் பொட்டாசியம் 3.5-லிருந்து 5 வரை இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் நேராகவே போய்விடும். வாந்தியில் நடப்பது கொஞ்சம் சுற்றுவழி. வயிற்று நீரில் பொட்டாசியம் அதிகம் கிடையாது. ஆனால் வாந்தியோடு அமிலமும் நீரும் போகப் போக, இருக்கிற உப்பையாவது காப்பாற்றலாம் என்று சிறுநீரகம் இறங்குகிறது. உப்பைப் பிடித்துவைத்து அதற்கு ஈடாகப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் விட்டுவிடுகிறது. உங்கள் அம்மாவின் அழுத்த மாத்திரையில் உள்ள ஹைட்ரோகுளோரோதயசைடும் வேறு வழியில் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். ஆக மூன்று ஓட்டை. வெளியே பொட்டாசியம் குறைந்தால், உள்ளிருந்து அது சுலபமாக வெளியேறும் என்றுதானே தோன்றும்? ஹெர்க் வாசல் நேர்மாறு. வெளியே குறையக் குறைய அது மந்தமாகிவிடுகிறது, மருந்துகளும் அதில் இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்கின்றன.

மெக்னீசியத்தையும் அளந்திருப்பார்கள். பான்டோப்ரசோல் வகை மருந்துகளை வருடக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு மெக்னீசியம் குறையும். அது குறைவாக இருக்கும்வரை எவ்வளவு பொட்டாசியம் ஏற்றினாலும் சிறுநீரகம் ஒழுகவிட்டுக்கொண்டே இருக்கும். ஒரே கேஸ் மாத்திரையில் இரண்டு பக்கமும் இடி என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னும் இரண்டு விஷயம் அம்மா கையில் இல்லாதவை. பெண்களுக்கு இயல்பிலேயே க்யூடி கொஞ்சம் நீளம். மருந்தால் டோர்சாட் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். வயது 65-ஐத் தாண்டினால் ஆபத்து மேலும் கூடும். இவ்வளவையும் கூட்டினால், ஒன்டான்செட்ரானின் அந்த அற்ப 6 மில்லிசெகண்ட் யார் தலையில் போய் உட்காரப் போகிறது என்பதுதான் கேள்வியாகிறது.

கெடுபிடி என்று நீங்கள் சொன்ன இசிஜிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது க்யூடியைவிட முக்கியம். நீரிழிவு உள்ள, வயதான பெண்களுக்கு மாரடைப்பு பல சமயம் நெஞ்சுவலியாக வராது. வாந்தியாக, வியர்வையாக, "வயிறு என்னமோ பண்ணுது" என்பதாக வரும். இதயத்தின் அடிப்பகுதியில் வரும் மாரடைப்பில் குமட்டல் மிகச் சகஜம். எனவே உங்கள் அம்மா போன்றவர் வாந்தி என்று வந்தால் அந்த இசிஜி எப்படியும் எடுத்திருப்பார்கள், எடுக்காவிட்டால்தான் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும்.

இசிஜி இயந்திரம் அச்சடிக்கும் க்யூடிசியை அப்படியே நம்பவும் கூடாது. பெரும்பாலான இயந்திரங்கள் பஸெட் என்பவரின் 1920-ஆம் வருடச் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. இதயம் வேகமாக அடிக்கும்போது அது எண்ணை ஊதிப் பெரிதாக்கும். உதாரணத்துக்கு, நிமிடத்துக்கு 100 துடிப்பில் 360 மில்லிசெகண்ட் க்யூடி இருந்தால் பஸெட் கணக்கில் 465 வரும். அதே வருடம் வந்த ஃபிரிடெரீசியா கணக்கில் 427தான். வாந்தியில் நீர் வற்றிய நோயாளியின் இதயம் வேகமாகத்தானே அடிக்கும்? அதனால் பயந்து மருந்தை மறுக்கும் முன் இன்னொரு முறை கணக்குப் போடுவது நல்ல பழக்கம். உங்கள் அம்மாவுக்கும் போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன், பொட்டாசியம் 2.9 என்றால் எண் கொஞ்சம் இறங்கினாலும் நிலைமை மாறியிருக்காது.

ஆல்கஹால் ஸ்வாப் விஷயத்துக்கு வருவோம். உங்களை ஏமாற்றவில்லை. ஊசி போடும் முன் தோலைத் துடைக்கும் அதே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்தான். மூக்குக்கு ஒரு அங்குலம் தள்ளி வைத்து ஆழமாக மூச்சை இழுத்தால் குமட்டல் குறைகிறது. 2018-இல் அமெரிக்க அவசரப் பிரிவில் நடந்த ஒரு பரிசோதனையில், இதை மோந்தவர்களுக்கு ஒன்டான்செட்ரான் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களைவிடக் குமட்டல் நன்றாகவே குறைந்தது. சில நிமிடத்தில் வேலை செய்யும், சீக்கிரமே போய்விடும், மறுபடி மோந்துகொள்ளலாம், க்யூடியைத் தொடாது. நம் பாட்டிமார் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு போனது இதே மருந்து என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றியிருக்காது.

ஊசி போட்டால்தான் வாந்தி நிற்கும் என்பதும் நாம் நினைப்பது போல் உறுதி இல்லை. 2014-இல் ஆஸ்திரேலியாவில் அவசரப் பிரிவுக்கு வந்த 270 பேரை மூன்றாகப் பிரித்து ஒன்டான்செட்ரான், மெட்டோகுளோபிரமைடு, வெறும் உப்புநீர் என்று ஊசி போட்டார்கள். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது. அரை மணி நேரம் கழித்துக் குமட்டலை 100 மில்லிமீட்டர் கோட்டில் குறிக்கச் சொன்னபோது முறையே 27, 28, 23 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. உப்புநீருக்கு 23! ட்ரிப் ஏறுவதும், படுக்க ஓர் இடம் கிடைப்பதும், யாரோ கவனிக்கிறார்கள் என்பதுமே பாதி மருந்து போலும். எனவே உங்கள் அம்மாவுக்கு முதலில் தண்ணீரையும் பொட்டாசியத்தையும் ஏற்றியதை ‘எதுவும் செய்யாமல் விட்டார்கள்’ என்று எண்ண வேண்டாம். பொட்டாசியம் ஏற மூன்று நான்கு மணி நேரம் ஆனதற்கும் காரணம் உண்டு: சாதாரணக் கை நரம்பில் பொதுவாக மணிக்கு 10 மில்லிமோல்தான் விடுவோம். வேகமாக விட்டால் நரம்பு எரியும். மிக வேகமாக விட்டால் அதுவே இதயத்தை நிறுத்தும்.

வேறு ஊசி இல்லையா என்றால், உண்டு. மெட்டோகுளோபிரமைடு, இங்கே மாக்சோலோன் என்ற பெயரில் பழக்கம். க்யூடியில் சாது, ஆனால் சடாரென்று செலுத்தினால் நோயாளிக்கு உட்காரவும் முடியாது நிற்கவும் முடியாது, எழுந்து ஓடிவிடலாமா என்று தவிப்பார். சில இளவயதினருக்குக் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்ளும். குறைந்தது மூன்று நிமிடமாவது எடுத்து மெதுவாகச் செலுத்தச் சொல்வது இதற்குத்தான். தலைசுற்றலுக்குப் போடும் ஸ்டெமெட்டிலும் இதே குடும்ப வழக்கம்தான், அதோடு வயதானவர்களுக்கு அழுத்தத்தை இறக்கிவிடும். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று.

என் கண் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கே என்பது வேண்டாம். தங்குவிடுதியிலிருந்து ஒரு கட்டுமான ஊழியர், நாற்பதுகளில் இருப்பார், தஞ்சாவூர்ப் பக்கம். மூன்று நாள் வயிற்றுப்போக்கு, வாந்தி. தாதி ஆங்கிலத்தில் கேட்டார், "எனி மெடிசின்?" அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. ஒன்டான்செட்ரான் 4 மில்லிகிராம் போட்டாயிற்று. பத்து நிமிடம் கழித்துப் பொட்டாசியம் 2.6 என்று லேபிலிருந்து போன். மானிட்டரில் ஏழெட்டு நொடி அந்த முறுக்கு ஓடியது. அவர் "கண்ண இருட்டிக்கிட்டு வருது மேடம்" என்று கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தானாக நின்றது. மருத்துவர் உடனே மெக்னீசியம் சல்ஃபேட் 2 கிராம் ஏற்றச் சொன்னார், நெஞ்சில் ஷாக் பட்டைகளை ஒட்டினோம், இதய மருத்துவரை அழைத்தோம். மெக்னீசியம் இரத்தத்தில் சரியாக இருந்தாலும் இந்த முறுக்கை அடக்கும். நாடி போய்விட்டால் ஷாக்தான். அதன் பிறகு முறுக்கு வரவில்லை.

நிலைமை கொஞ்சம் ஆறியதும் அவர் பக்கத்தில் போய், "அண்ணே, ஊர்லேர்ந்து கொண்டாந்த மாத்திரை ஏதாவது வச்சிருக்கீங்களா? ரூம்ல யாராவது குடுத்தாங்களா?" என்று கேட்டேன். பேன்ட் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த வயிற்றுப்போக்கு மாத்திரை, எமசெட், டோம்ஸ்டால். டோம்ஸ்டாலும் டோம்பெரிடோன்தான். மூன்று நாளாக மூன்றையும் வேளைக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றால், "மெடிசின்னு கேட்டாங்க, நான் சுகர் பிரஷருக்கெல்லாம் ஒண்ணும் சாப்பிடுறதில்லையே. இது சும்மா வயித்துக்கு." அவர் பொய் சொல்லவில்லை. நம் பேச்சில் ‘மருந்து சாப்பிடுகிறேன்’ என்றால் நிரந்தர நோய்க்குச் சாப்பிடுவது. கேஸுக்கு, தலைவலிக்கு, வாந்திக்குப் போடுவது மருந்துக் கணக்கிலேயே வராது. அன்றிலிருந்து தமிழ் நோயாளி என்றால் நான் ‘மருந்து’ என்ற சொல்லைத் தவிர்த்து, "கேஸ் மாத்திரை? இருமலுக்கு? தூக்கத்துக்கு? ஊர் மாத்திரை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.

இங்கே ஒரு நம்பிக்கை பலருக்கு இருக்கிறது: எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்குமே, டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று. பலதுறை மருந்தகத்திலும் பொது மருத்துவமனையிலும் வாங்கியது தெரியும், உங்கள் ஹெல்த்ஹப் என்ற அரசு சுகாதாரச் செயலியிலும் இருக்கும். திருச்சியிலிருந்து பெட்டியில் வந்த பான்-டி எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்காது. அவசரப் பிரிவுக்குக் கிளம்பும்போது வீட்டு மேசை இழுப்பறையில் உள்ள அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், தைலத்தைத் தவிர.

பிறவி க்யூடி நீளத்தைப் பற்றிப் பின்னால் வருகிறேன் என்றேன். இது சுமார் இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும். பல சமயம் குடும்பக் கதைகளில்தான் ஒளிந்திருக்கும். நல்லா இருந்த பையன் நீச்சல் குளத்தில் போய்விட்டான், அலாரம் சத்தத்தில் எழுந்த சித்தி அப்படியே சாய்ந்துவிட்டார், இருபத்தைந்து வயதில் தூக்கத்திலேயே ‘மாரடைப்பு’ என்பது போன்ற கதைகள். நீந்தும்போதும் திடீர்ச் சத்தத்திலும் மயங்குவது இந்த நோயின் இரண்டு வகைகளுக்கே உரிய அடையாளம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு கதை இருந்தால் வாந்தி மருந்துக்கு முன் அதைச் சொல்லியே ஆக வேண்டும். இவர்களுக்கு ஒன்டான்செட்ரானே வேண்டாம் என்பதுதான் விதி. வாந்தியோடு மயக்கமும் போட்டுவிட்டால் டாக்ஸி தேடாமல் 995-ஐ அழையுங்கள்.

இனி அம்மாவுக்கு என்ன செய்வது. கிளாரித்ரோமைசின் மீதி இருந்தால் அதைத் தொடர்வதா என்று கொடுத்த கிளினிக்கை இன்றே போனில் கேளுங்கள், பான்-டி விஷயத்தையும் சொல்லி. பான்-டியை அதுவரை போட வேண்டாம். பான்டோப்ரசோலைத் திடீரென்று விட்டால் சில நாள் நெஞ்செரிச்சல் கூடும், ஆபத்து இல்லை. அடுத்து பலதுறை மருந்தகம் போகும்போது பொட்டாசியம், மெக்னீசியம் இரண்டையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வயிறு சரியாகி மருந்தெல்லாம் வெளியேறியபின் இன்னொரு இசிஜியும் எடுத்துவிடுவது நல்லது. அப்போதும் க்யூடி நீளமாக இருந்தால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். அழுத்த மாத்திரையை மாற்றலாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

போகும்போது பான்-டி அட்டையையே கையில் எடுத்துப் போங்கள். இங்குள்ள மருத்துவரிடம் "பான்-டி" என்று பெயரை மட்டும் சொன்னால் பனடோல் என்று எழுதிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. எனக்கே அப்படிப் பதிவான பட்டியல்கள் வந்திருக்கின்றன. அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் டோம்பெரிடோன் 30 மில்லிகிராம் என்று இருக்கும் வரியைக் காட்டுங்கள். மாமாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அடுத்த முறை வரும்போது வாங்கி வர வேண்டாம் என்று.